நார்வேஜிய விமர்சனத்தில் யார், எதை, எப்படிச் சொன்னார்?

நார்வேஜிய விமர்சனங்களில் உள்ள கருத்தைக் கணினியால் அலசும்போது, "நல்ல கருத்தா, கெட்ட கருத்தா" என்று வாக்கியத்துக்கு முத்திரை குத்துவதோடு வேலை முடியாது. சொன்னவர், சொல்லப்பட்ட பொருள், கருத்துச் சொல், அதன் சாய்வு (பாராட்டா, குறையா) என நான்கையும் பிரித்தெடுக்க வேண்டும். இதற்கென ஓஸ்லோ பல்கலைக்கழகக் குழு 2020இல் வெளியிட்ட நோரெக்-ஃபைன் தரவு, அதாவது இந்த நான்கும் குறிக்கப்பட்ட நார்வேஜிய விமர்சனத் தொகுப்பு, அருமையான தொடக்கம். கணினி மொழியாய்வுக்கான 2022 செம்இவால் போட்டியிலும் அது இருந்தது.

சொற்றொடர் எத்தனையாவது எழுத்தில் தொடங்கி முடிகிறது என்று மொழி மாதிரியிடம் கேட்காதீர்கள், பல நேரம் தப்பாக எண்ணும். சொற்றொடரை அப்படியே திருப்பித் தரச் சொல்லி, இடத்தை நிரலால் தேடுங்கள். ஒரே சொல் இருமுறை வந்தால் முதலாவதையே பிடித்துவிடும். பக்கத்துச் சொற்களையும் சேர்த்துக் கேளுங்கள். நார்வேஜியத்தின் மூன்று தனி உயிரெழுத்துகளும் (æ, ø, å) கணினி எழுத்துக் குறியாக்கமான யுடிஎஃப்-8இல் தலா இரண்டு பைட். பைட்டை எழுத்தாகக் கணக்கிட்டால் எல்லைகள் நகர்ந்துவிடும்.

பெரிய பொறி 'இக்கெ வெர்ஸ்ட்'. சொல்லுக்குச் சொல் 'மிக மோசமல்ல', உண்மையில் பாராட்டு. 'அல்ல' என்று பொருள்படும் 'இக்கெ'யை வெட்டிவிட்டால் சாய்வு தலைகீழ். நார்வேஜியத்தின் இன்னொரு எழுத்துவழக்கான நீநொர்ஸ்கில் அந்த 'இக்கெ'யே 'இக்யெ' (ikkje) ஆகும். ஆகவே மாதிரிக்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளில் இரண்டு வழக்கும் இருக்கட்டும்.

'ஃபில்மென்' (அந்தப் படம்) என்பதை மாதிரி 'ஃபில்ம்' (படம்) என்று சுருக்கித் தந்தாலும் அதன் விடைக்கான மதிப்பெண் குறையலாம். 'அந்த' என்று சுட்டும் 'என்' விகுதி சொல்லோடு ஒட்டியது, அதை விடக்கூடாது.