செய்தது இரண்டு நாள், சோதித்தது ஒன்பது மாதம்

யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வீட்டுத் தண்ணீர் வசதி இவ்வளவுதான்: ஒரு கிணறு, அரைக் குதிரைவலு மோட்டர், கொங்கிறீட் தட்டின் மேல் 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி. மோட்டரைப் போட்டுவிட்டு மறப்பது, பிறகு தாங்கி வழிகிற சத்தம் கேட்டு யாராவது குசினியிலிருந்து ஓடுவது, இது வருசக்கணக்காக நடக்கிற கூத்து. 2025 ஜனவரியில் நோட்எம்சியூ பலகை ஒன்று (ஈஎஸ்பி8266 சிப் போட்டது, புரோகிராம் எழுதி ஓட்டுகிற குட்டிக் கணினி), தூரம் பார்க்கிற அல்ட்ராசொனிக் சென்சர் ஒன்று, பலகை சொல்கிறபடி கரண்டைப் போட்டு நிற்பாட்டுகிற சுவிச்சான ஒரு ரிலே எல்லாம் வாங்கி, சனி ஞாயிறு இரண்டு நாளில் ஒரு தானியங்கி செய்தேன். தண்ணீர் குறைந்தால் மோட்டரைப் போடும், நிறைந்தால் நிற்பாட்டும். மேசையில் வாளித் தண்ணீரை வைத்துப் பார்த்தேன், சொன்னபடி செய்தது. அன்றைக்கே மேலே ஏறிப் பூட்டியிருப்பேன், ஏணி பக்கத்து வீட்டில் இருந்தபடியால் தப்பினேன்.

அந்தக் கிழமை ஒரு சீஆர் கொப்பியை எடுத்துப் பக்கத்துக்கு மூன்று நிரல் கோடு போட்டேன். என்ன செய்யப்போகிறேன், என்ன நடக்கவேண்டும், என்ன நடந்தது. இரண்டாவது நிரலைச் சோதனைக்கு முதலே பேனையால் எழுதிவிட வேண்டும், இது எனக்கு நானே போட்ட சட்டம். நடந்ததைப் பார்த்துவிட்டு "ஓ, இப்படித்தானே நடக்கவேணும்" என்று சமாளிப்பது எனக்கு நல்லாகவே வரும், பென்சில் என்றால் அழித்தும் விடுவேன். மோட்டருக்குப் பதிலாக ரிலேயில் 60 வாட் குண்டு பல்ப் ஒன்று. பல்ப் எரிந்தால் மோட்டர் ஓடுகிறது என்று கணக்கு. 230 வோல்ற் பக்கத்து இணைப்பு முழுக்க, பல்ப் உட்பட, தெரிந்த வயரிங் அண்ணை ஒருவர் செய்து தந்தது. அதில் நான் கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

முதல் பிழையைக் கண்டுபிடித்த புண்ணியம் ஒரு குரங்குக்குத்தான் சேரும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் போனது ஞாபகம் இருக்கும். பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். அதுவரை என் பலகைக்கு லப்டொப்பிலிருந்துதான் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. லப்டொப்பில் பற்றரி இருக்கிறது, ஆகவே வீட்டில் கரண்ட் போனாலும் பலகைக்கு அந்தச் செய்தி போகாது. முதல்நாள் இரவுதான் தற்செயலாக அதைப் போன் சார்ஜருக்கு மாற்றியிருந்தேன். கரண்ட் திரும்பி வந்த கணத்தில் பல்ப் ஒரு தரம் மின்னி அணைந்தது. வாளி நிறையத் தண்ணீர், மோட்டருக்கு வேலையே இல்லை, பிறகு ஏன் மின்னியது? சார்ஜரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன், ஒவ்வொரு தரமும் மின்னியது.

விசயம் என்னவென்றால், ரிலேயை நான் பலகையின் டி0 காலில் (வயர் மாட்டுகிற முனை) மாட்டியிருந்தேன். சிப்பின் கணக்கில் அதன் பெயர் ஜிபிஐஓ16. பலகை எழும்பும்போது, நான் எழுதிய புரோகிராம் ஓடத் தொடங்குமுன்னரே, அந்தக் கால் தானாக உயர்நிலைக்குப் போய்விடும். பல்புக்கு அது ஒரு மின்னல், மோட்டருக்கு ஒரு உதை. மோட்டர் கிளம்பும்போது வழமையாக ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், எங்கள் பக்கம் கரண்ட் வரும்போது ஒரேயடியாகவும் வராது, வந்து போய் வந்து போய்த்தான் நிலைக்கும், வருகிற ஒவ்வொரு தரமும் ஒரு உதை என்றால் கொயில் எத்தனை நாளைக்குத் தாங்கும்? டி1 காலுக்கு மாற்றினேன். அது ஜிபிஐஓ5, எழும்பும்போது சத்தமில்லாமல் இருக்கும். கூடவே, கரண்ட் வந்து மூன்று நிமிடத்துக்கு எதையும் தொடாதே என்று புரோகிராமில் ஒரு வரி. இருபது தரம் கழற்றி மாட்டினேன், பல்ப் மின்னவில்லை. கொப்பியில் முதல் "சரி".

சென்சர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கிய எச்சிஎஸ்ஆர்04 மலிவு, ஆனால் அதன் இரண்டு கண்ணும் திறந்தபடி இருக்கும். மார்ச்சில் பூட்டினேன், தாங்கிக்குள் எழும்புகிற ஈரத்துக்கு ஏப்ரல் நடுவிலேயே கண்டபடி எண் காட்டத் தொடங்கிவிட்டது. தண்ணீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டிக்கு மாறினேன். அதற்கோ 20, 25 சென்ரிமீற்றருக்குக் கிட்டே இருப்பது தெரியாது, அதனால் மூடியிலிருந்து 30 சென்ரிமீற்றரில் தண்ணீர் வந்தாலே "நிறைந்தது" என்று வைத்தேன். மேலே நூறு லீற்றருக்கு மேல் இடம் சும்மா கிடக்கிறது, கிடக்கட்டும்.

அப்புறம் வெக்கை. ஒலியின் வேகம் 20 பாகையில் செக்கனுக்கு 343 மீற்றர், பாகைக்கு 0.6 மீற்றர் வீதம் கூடும். மத்தியானம் தாங்கி மூடிக்குக் கீழே 45 பாகை இருந்தது, ஒரு மீற்றர் தூரத்தில் இதனால் நாலு சென்ரிமீற்றர் பிழை வரும். தாங்கியை யாரும் தொடாத ஒரு நாளில் விடிய ஒரு எண்ணும் மத்தியானம் இன்னொரு எண்ணும் கொப்பியில் எழுதியிருக்கிறேன். வெப்பமானி ஒன்று சேர்த்துத் திருத்தலாம்தான், நான் விட்டுவிட்டேன். நாற்பது லீற்றர் முன்னேபின்னே போனால் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, ஆனால் சாமான் ஒன்று கூடினால் பழுதாக இன்னொன்று கூடும்.

என் பெரிய பயம் மோட்டர் வெறுமையாக ஓடுவது. கிணற்றில் தண்ணீர் இறங்கினாலோ, உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கிற புட்வால்வ் கசிந்து குழாய்க்குள் காற்று நின்றாலோ, மோட்டர் தண்ணீரில்லாமல் சுற்றிச் சீல் கருகிவிடும். அதற்குத்தான் இந்த விதி: ஓடத் தொடங்கி நான்கு நிமிடத்தில் மட்டம் மூன்று சென்ரிமீற்றராவது ஏறாவிட்டால் நிற்பாட்டிவிட்டு பஸரை அடி. எங்கள் மோட்டர் நிமிடத்துக்கு 35 லீற்றர் அளவில் ஏற்றும், நான்கு நிமிடத்தில் 14, 15 சென்ரிமீற்றர் ஏறவேண்டும், மூன்று என்பது தாராளம் என்று நினைத்தேன். சோதிப்பதற்காக மோட்டரை உண்மையிலேயே வெறுமையாக ஓட்ட முடியாதே. தாங்கி மூடியைத் தூக்கி, சென்சருக்குக் கீழே ஒரு மரப்பலகைத் துண்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். கீழே தண்ணீர் ஏறுகிறது, சென்சருக்குத் தெரிவது பலகை. நான்காவது நிமிடம் மோட்டர் நின்றது, பஸர் அடித்தது, கொப்பியில் பெரிதாக ஒரு சரி போட்டேன்.

மூன்றாம் நாள் பின்னேரம், "தம்பி, உன்ர பெட்டி கத்துது, வந்து பார்" என்று அம்மாவின் குரல்.

ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன், தண்ணீர் இருக்கிறது. மோட்டரைக் கையால் போட்டேன், குழாயில் வருகிறது. திரும்பினால் அம்மா கையில் ஹோஸ், வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறா. அதே நேரம் தங்கச்சி உடுப்புத் தோய்க்கிறாள். மோட்டர் மேலே ஏற்றுகிற வேகத்துக்கு இவர்கள் கீழே இறக்குகிறார்கள், மட்டம் அசையவில்லை, பெட்டி கிணறு வற்றிப்போனதாக முடிவு கட்டிவிட்டது.

"வாழைக்கு ஏனம்மா தாங்கித் தண்ணி? முந்தி மோட்டரிலயிருந்து நேரதானே விடுறனீங்கள்."

"நீதானே மோட்டரைத் தொடவேண்டாம், அது தானா ஓடும் எண்டு சொன்னனி."

நான் பலகை பிடித்துக்கொண்டு நின்றபோது வீட்டில் யாரும் ஒரு பைப்பையும் திறக்கவில்லை, ஏனென்றால் நான்தான் "சோதிக்கிறன், ஒருத்தரும் தண்ணி எடுக்காதேங்கோ" என்று கத்திவிட்டு ஏணியில் ஏறினேன். அதற்குப் பிறகு எந்தச் சோதனைக்கும் வீட்டில் முன்கூட்டியே சொல்வதில்லை.

மட்டத்தை வைத்துக் கிணற்றைப் பற்றி முடிவெடுப்பதே பிழை. மே மாதம் மோட்டரிலிருந்து மேலே போகிற குழாயில் ஒரு பாய்ச்சல் சுவிச் போட்டேன். தண்ணீர் ஓடினால் உள்ளே ஒரு சின்னத் தகடு சாயும், சுவிச் மூடும். மோட்டர் ஓடி முப்பது செக்கனில் அது மூடாவிட்டால் நிற்பாட்டு. அம்மா எவ்வளவு வாழைக்கு விட்டாலும் இனிக் குழப்பமில்லை. கூடவே ஒரே ஓட்டத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது என்றும் வைத்தேன், அது கிணற்றுக்காக. எங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகளில் இருப்பது சுண்ணாம்புக்கல்லில் தேங்கிய மழைத் தண்ணீர், அடியில் கிடக்கிற உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைவென்பதால் மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு, அப்படியென்றால் மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏற இடம் கிடைக்கும் என்று யோசியுங்கள். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று சின்ன வயதில் கேட்டதெல்லாம் இதுதான்.

ஓகஸ்ட் கடைசியில் கொப்பியிலிருக்கிற பழைய சோதனைகளைத் திரும்பச் செய்துகொண்டு வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மோட்டர் நிற்கிறது, ஆனால் "தண்ணீர் ஓடுகிறது" என்பதற்கான பச்சை லைற் எரிகிறது. சுவிச்சைக் கழற்றிப் பார்த்தால் தகட்டின் அச்சில் வெள்ளையாகப் பொருக்கு, கேத்தலின் அடியில் பிடிக்கிற அதே சுண்ணாம்பு. சாய்ந்த தகடு சாய்ந்தபடியே இறுகிவிட்டது. இந்த நிலையில் கிணறு வற்றியிருந்தால் மோட்டர் கருகும்வரை பச்சை லைற் எரிந்துகொண்டிருந்திருக்கும். தேசிக்காய்ப்புளியில் ஒரு இரவு ஊறப்போட்டேன், விடிய இலகுவாக ஆடியது. அதைவிட முக்கியம் புரோகிராமில் சேர்த்த மாற்றம்: மோட்டரைப் போடுமுன் சுவிச்சைப் பார், மோட்டர் நிற்கும்போதே "ஓடுகிறது" என்று சொன்னால் அது பொய் சொல்கிறது, மோட்டரைப் போடாதே, பஸரை அடி. இப்போது நாளுக்கு இரண்டு தரம் அந்தச் சுவிச் தன்னைத்தானே நிரூபித்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாவற்றையும்விட எனக்கு வெட்கமாக இருப்பது மிதவைக் கதை. ரிலேயின் தொடுப்பு ஒருநாள் உருகி ஒட்டிக்கொண்டால் புரோகிராம் என்ன சொன்னாலும் மோட்டர் நிற்காது, அதற்காக மோட்டரைக் கொன்ராக்டர் ஒன்றின் (கொயிலுக்குக் கரண்ட் போனால் மூடுகிற பெரிய சுவிச்) வழியே ஓட விட்டு, அதன் கொயிலுக்குப் போகிற வயரில் ஒரு சாதாரண மிதவைச் சுவிச்சையும் தொடராகப் போட்டிருந்தோம். கணினி செத்தாலும் மிதவை தூக்கினால் மோட்டர் நிற்கவேண்டும். மார்ச்சிலேயே அதற்குச் "சரி" போட்டிருந்தேன். எப்படிச் சோதித்தேன் தெரியுமா? தாங்கி நிரம்ப விட்டேன், மோட்டர் நின்றது, சரி. நிற்பாட்டியது அல்ட்ராசொனிக்கா மிதவையா என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.

ஜூனில் அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்தபோதுதான் உறைத்தது. முன்னுக்கு நிற்கிற காவல்காரன் எப்போதும் பிடித்துவிடுகிறான், பின்னுக்கு நிற்கிறவன் முழித்திருக்கிறானா நித்திரையா என்று யார் பார்த்தது? சென்சர் எப்போதும் "வெறும் தாங்கி" என்றே சொல்லும்படி புரோகிராமை மாற்றிவிட்டு, கை மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் இருக்க, மோட்டரை ஓட விட்டேன். தண்ணீர் ஏறியது, ஏறியது, வழியும் குழாயால் கொட்டத் தொடங்கியது. மிதவை அசையவில்லை. மேலே ஏறிப் பார்த்தால், மிதவை தூக்கவேண்டிய இடம் வழியும் குழாயைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஒருநாளும் வராது. மூன்று மாதமாக இதை நம்பித்தான் இரவில் படுத்திருக்கிறேன். கயிற்றை நீட்டிக் கீழே இறக்கினேன், திரும்ப ஓட விட்டேன், குழாய்க்கு நாலு விரற்கடை கீழேயே நின்றது.

அதோடு ஒரு வைராக்கியம் வந்து, மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தனியாக்கிப் பார்த்தேன். சென்சர் வயரைக் கழற்றினால் தூரம் பூச்சியம் என்று வருகிறது, தூரம் பூச்சியம் என்றால் என் கணக்கில் தாங்கி 100 வீதம் நிறைவு. வழியாது, ஆனால் தண்ணீர் முடிந்து சவர்க்காரத் தலையோடு நிற்கும்வரை யாருக்கும் தெரியாது. இப்போது பூச்சியம் வந்தால் பஸர். மெயின் போட்டில், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிச்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறதே, சோதிப்பதற்கென்றே வைத்தது, வீடு கட்டியதிலிருந்து யாரும் அமத்தியதில்லை. அமத்தினேன், விழவில்லை. அடுத்த நாளே வயரிங் அண்ணை வந்து புதிது மாற்றினார்.

நேரக் கணக்கு இன்னொன்று. பலகைக்குள் மில்லிசெக்கன் எண்ணுகிற எண் 32 பிட், 49.7 நாளில் நிரம்பித் திரும்பப் பூச்சியத்துக்கு வந்துவிடும். விண்டோஸ் 95 இதே எண்ணில்தான் 49.7 நாளில் உறைந்துபோகும். "தொடங்கிய நேரத்தோடு நாற்பது நிமிடம் கூட்டு, இப்போதைய நேரம் அதைத் தாண்டிவிட்டதா பார்" என்று எழுதியிருந்தேன், அது திரும்புகிற இடத்தில் பிழைக்கும். "இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கியதைக் கழி" என்று எழுதினால் பிழைக்காது. ஐம்பது நாள் காத்திருந்து இதைப் பார்க்க முடியாது, ஆகவே எண் நிரம்ப ஐந்து நிமிடம் இருக்கிற இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும்படி வைத்து, பழையது, புதியது இரண்டையும் ஓட்டினேன். பழையது மோட்டரைப் போட்ட உடனேயே நாற்பது நிமிடம் முடிந்தது என்று நிற்பாட்டியது. புதியது பேசாமல் ஓடியது. எங்கள் ஊரில் பலகை இதுவரை அணையாமல் ஓடிய ஆகக்கூடிய காலம் 23 நாள் என்பது வேறு விசயம்.

கொப்பியில் இப்போது ஒரு பக்கம் பாதியில் நிற்கிறது. "மார்கழி விடியற்காலை, பனியில் சென்சர் முகத்தில் நீர்த்துளி தொங்கும்போது எண் சரியா" என்று எழுதி, பக்கத்தில் "இரண்டு சென்ரிமீற்றருக்குள்" என்று பேனையால் எழுதியாயிற்று. மூன்றாவது நிரல் வெறுமை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.