கேள்வியில் ஓர் ஒலி, பதிலில் இன்னொன்று

பிரான்சில் வதிவிட அட்டை புதுப்பிக்கப் போனால் கவுண்டரில் "வூ பூவே சினியே?" என்று கேட்பார்கள். கையெழுத்துப் போட முடியுமா என்று அர்த்தம். அதே ஒலியைப் பிடித்துக்கொண்டு "ஜ பூ" என்றால் எதிரே சிரிப்பை அடக்குவார்கள். 'பூ' அவர்களுக்குப் பேன். "ஜ பெ" (என்னால் முடியும்) என்பதுதான் சரி.

குறை முழுக்க இங்கேதான். ஊரில் "வாறியளோ?" என்றால் "வாறன்". கேள்வியிலிருந்தே பதிலை உருவிக்கொள்ளலாம், வால்தான் மாறும். பிரெஞ்சில் "வூ வெனே" (வாறியள்) என்பதற்கு "ஜ வியான்" (வாறன்), "வூ வூலே" (உங்களுக்கு வேணும்) என்பதற்கு "ஜ வெ".

வினை லத்தீன் காலத்தது. நான், நீ, அவன், அவர்கள் வடிவங்களில் அழுத்தம் வினையடியில் விழுந்தது. நாம், நீங்கள் வடிவங்களில் விகுதிக்குப் போய்விட்டது. அழுத்தம் வாங்கிய உயிர் உருமாறியது, வாங்காதது வேறு வழியில் போனது. ஒருமை மூன்றை இடப்பக்கமும் பன்மை மூன்றை வலப்பக்கமும் எழுதி, மாறிய நான்கையும் சுற்றிக் கோடு போட்டால் சப்பாத்து மாதிரி வரும். 'நு' (நாம்), 'வூ' (நீங்கள்) இரண்டும் அதற்கு வெளியே.

முன்பு இப்படி மாறிய வினைகள் இன்னும் அதிகம். இன்றைய 'த்ரூவ்' (காண்பது), 1666இல் மேடையேறிய மோலியேர் நாடகத்தில் இயைபுக்காகப் பழைய 'த்ரெவ்' ஆக நிற்கிறது. பிறகு அதைச் சமன் செய்துவிட்டார்கள். வா, குடி, முடியும், வேண்டும் போன்ற அன்றாட வினைகளை மட்டும் நமக்கென்று விட்டுவைத்தார்கள்!

பேச்சில் 'நு வெனோன்' (நாம் வருகிறோம்) என்பதற்குப் பதில் 'ஓன் வியான்' என்று ஒருமையிலேயே ஒப்பேற்றலாம். அதற்காக 'நு' வடிவத்தைப் பாடமாக்காமல் விட்டால் இறந்தகாலத்தில் மாட்டும்: 'வெனோன்' என்பதில் 'ஓன்' வெட்டி 'ஏ' ஒட்டினால்தான் 'ஜ வெனே', வந்துகொண்டிருந்தேன். பாண் கடையில் 'ஜ வூத்ரே' (எனக்கு வேண்டும் என்பதன் பணிவான வடிவம்) என்று தொடங்குவது பாதுகாப்பு. அந்தப் பணிவு வடிவத்தில் எந்த ஆளுக்கும் அடி மாறாது.

ஸாமென்ஹோஃப் தானே உருவாக்கி 1887இல் வெளியிட்ட எஸ்பெராந்தோ மொழியில் இந்தத் தொல்லையே இல்லை. "வி வெனாஸ்?" என்றால் "மி வெனாஸ்", வால்கூட மாறாது. வதிவிட அட்டை கொடுக்கத்தான் அதற்கொரு நாடில்லை.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தேத்தண்ணிக் கடைக்குள் நுழையும்வரை எல்லாம் பழகிவிட்டது போலத்தான் இருக்கும். "பிளேன்ரீ குடிக்கிறியளோ?" "குடிக்கிறன்." அதற்குப் பிறகு மெட்ரோவில் ஒரு 'வெனே' கேட்டாலே நாக்கு தடுமாறும்.

பிள்ளைகளிடம் முறையிட்டுப் பிரயோசனமில்லை. சனிக்கிழமை தமிழ் படிக்கிறவர்கள், 'சாகிறான்' எப்படி 'செத்தான்' ஆனது என்று திருப்பிக் கேட்பார்கள்.