ஐந்து கையொப்பங்களும் ஒரு சிரியக் குடும்பமும்

2015 அக்டோபர் மாதத்து ஞாயிறு மாலையொன்றில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் அமர்ந்து, ஒரு சிரியக் குடும்பத்தைக் கனடாவுக்கு அழைப்பதற்கான படிவங்களைப் பிரித்து வைத்தோம். கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள ஐவர் ஒன்றுசேர்ந்து, வெளிநாட்டில் தஞ்சமடைந்திருக்கும் ஓர் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்கலாம். ஸ்பொன்சர் என்று நாம் எல்லோரும் சொல்வது அதைத்தான். குடும்பம் வந்திறங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்கு வாடகை, சாப்பாடு, உடுப்பு ஆகிய எல்லாச் செலவும் அந்த ஐவருடையது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும் குடும்ப வைத்தியரைத் தேடிக் கொடுப்பதும் அவர்களுடைய வேலைதான். அந்தக் காலத்தில் குடும்பம் அரசின் சமூக உதவிப் பணத்தை நாடக் கூடாது.

எங்கள் ஐவரில் நால்வர் தமிழர். ஐந்தாமவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற கனேடிய ஆசிரியை. 1979இல் அவருடைய தேவாலயம் ஒரு வியட்நாமியக் குடும்பத்தைப் பொறுப்பேற்றபோது, அந்தப் பிள்ளைகளுக்கு மாலைகளில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1979, 1980 ஆண்டுகளில் இந்தோசீன நாடுகளிலிருந்து கனடா ஏற்றுக்கொண்ட 60,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சாதாரணக் குடிமக்களின் பொறுப்பில் வந்தவர்கள். அகதிகளுக்குச் செய்த உதவிக்காக 1986இல் ஐக்கிய நாடுகளின் நான்சன் பதக்கம் கனடா மக்களுக்கு வழங்கப்பட்டது. அதே 1986 ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். அவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னதும், உண்மையில் ஜெர்மனியிலிருந்து கப்பலேறியிருந்ததும் வெளியே வந்தபோது, பொய்யர்கள், வரிசையை மீறி வந்தவர்கள் என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது.

நான் அதற்குப் பிறகு, 1989 பெப்ரவரியில் வந்தவன். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் கத்தோலிக்கச் சகோதரிகள் நடத்திய விடுதியில் மூன்று வாரம் தங்கி, பாலத்தைக் கடந்து ஃபோர்ட் ஈரி எல்லையில் அகதிக் கோரிக்கை வைத்தேன். என்னிடம் இருந்தவை பிறப்புச் சான்றிதழும், அண்ணன் எழுதிய கடிதமும் கிடந்த ஒரு பழுப்பு உறை மட்டுமே. ஒருவருடைய நம்பகத்தன்மையைத் தீர்மானிக்க வேண்டிய இடத்தில் அவரை நேரில் வைத்துக் கேட்காமல் கோரிக்கையை மறுக்க முடியாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருந்ததால்தான், மறு ஆண்டு அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் சபையின் இரண்டு உறுப்பினர்கள் முன் அமர்ந்து யாழ்ப்பாணத்தில் நடந்ததை என் வாயால் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இந்த நாட்டில் அகதிகளைப் பற்றி யார் வாதாடினாலும், அந்த வாதத்தில் எங்கோ ஓரிடத்தில் நானும் இருக்கிறேன் என்ற உணர்வு அன்றிலிருந்து என்னை விட்டுப் போனதில்லை.

2015 தேர்தல் காலத்தில் அந்த உணர்வு மிகவும் கூர்மையாக இருந்தது. செப்டம்பர் 2ஆம் திகதி துருக்கிக் கரையில் ஒதுங்கிய அலன் குர்தி என்ற சிறுவனின் படம் வந்தபோது, அவனுடைய அத்தை கனடாவின் மேற்குக் கரையில் வசிப்பதும், தம் இன்னொரு சகோதரனின் குடும்பத்துக்காக அவர் ஐவர் குழு மூலம் அனுப்பிய விண்ணப்பம் முழுமையற்றது என்று திருப்பி அனுப்பப்பட்டதும் தெரியவந்தன. 2012இல் கொண்டுவரப்பட்ட ஒரு விதியின்படி, ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனமோ தங்கியிருக்கும் நாடோ ஒருவரை அகதி என்று அங்கீகரித்த ஆவணம் இல்லாமல் ஐவர் குழு விண்ணப்பிக்க முடியாது. அந்தக் குடும்பத்திடம் அந்த ஆவணம் இருக்கவில்லை. படம் வந்து மூன்று வாரமாகும் முன்னரே அரசாங்கம் சிரியர்களுக்கும் ஈராக்கியருக்கும் அந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இருந்த எங்கள் குடும்பத்திடமும் பதிவுத் துண்டு மட்டுமே இருந்தது, அங்கீகாரம் இல்லை. அந்தத் தளர்வு வந்திராவிட்டால் எங்கள் விண்ணப்பமும் திரும்பி வந்திருக்கும்.

பணம் சேர்ப்பதற்கு ஒரு கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 38,000 டொலர் என்று கணக்கிட்டிருந்தோம். நான் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, எங்கட சனம் தாய்லாந்திலையும் இந்தோனேசியாவிலையும் இன்னும் தடுப்பிலை கிடக்குது. நீங்கள் ஆருக்கோ காசு சேர்க்கிறியள். இவையள் வந்து இந்த நாட்டோடை ஒட்டுவினமே?" என்று கேட்டார்.

அவருடைய முதற்பகுதி நியாயமானது. எங்கள் மக்களுக்காகவும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அங்கீகார ஆவணம் கிடைக்காமல் அவர்களில் பலர் இதே விதியில் மாட்டியிருந்தார்கள் என்பதையும் சொன்னேன். இரண்டாம் பகுதிக்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, கதவோரம் நின்ற ஓர் இளைஞர் பேசினார். அவர் 2010 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்த சன் சீ கப்பலில் வந்த 492 பேரில் ஒருவர். பல மாதம் தடுப்பில் இருந்தவர். "ஐயா, நாங்கள் வரேக்கை எங்களுக்கு முதல் வந்த தமிழ் ஆக்களும் எங்களைப் பற்றி இப்பிடித்தான் கதைச்சவை" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கப்பலைக் காட்டித்தான் 2012இல் அரசாங்கம், கூட்டமாக ஒழுங்கற்ற முறையில் வருவோரைக் கட்டாயத் தடுப்பில் வைக்கவும், அகதியாக ஏற்கப்பட்ட பின்னும் ஐந்து ஆண்டுகளுக்கு நிரந்தர வதிவிடம் கோர விடாமல் நிறுத்தவும் சட்டம் செய்தது. அப்படி வருவோரை இந்த நாட்டோடு ஒட்டவிடாமல் ஐந்து ஆண்டு நிறுத்தி வைத்துவிட்டு, ஒட்டவில்லையே என்று கேட்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பெரியவர் கூட்டம் முடிந்து போகும்போது உண்டியலில் ஒரு தாளைப் போட்டுவிட்டுத்தான் போனார். அவர் மனம் மாறினாரா என்பதை நான் கேட்கவில்லை.

படிவங்களில் அதிக நேரம் பிடித்தது குடியேற்றத் திட்டம் என்ற பகுதி. விமான நிலையத்தில் யார் நிற்பார்கள், வீடு எங்கே, அரபு மொழிபெயர்ப்பாளர் யார், தாய்க்கு வகுப்பு எப்போது, பிள்ளையை யார் பார்ப்பார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவருடைய பெயரை எழுத வேண்டும். அரசியல்வாதிகள் மேடையில் ஒருங்கிணைப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் விடயம், அந்தத் தாளில் இத்தனை சின்ன வேலைகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொருவரும் வருமானச் சான்றும் கொடுத்து, 2016 ஜனவரியில் கட்டு முழுவதையும் வின்னிபெக் அலுவலகத்துக்கு அனுப்பினோம். புதிய அரசாங்கம் அழைத்து வருவதாக வாக்குறுதியளித்த 25,000 சிரியர்கள் பெப்ரவரி முடிவதற்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். எங்கள் குடும்பம் அந்தக் கணக்கில் இல்லை. பெய்ரூத்தில் நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புச் சோதனை என்று மாதங்கள் போயின. கேள்வி எதுவும் கேட்காமல் ஆட்களை அள்ளி இறக்குகிறார்கள் என்று வானொலியில் யாரோ சொல்வதைக் கேட்ட நாட்களில், அந்தக் குடும்பத்தின் தகப்பன் தன் பதினெட்டு வயதிலிருந்து வாழ்ந்த ஒவ்வொரு முகவரியையும் மாதவாரியாக எழுதிக்கொண்டிருந்தார்.

2016 டிசம்பரில் ஓர் இரவு அவர்கள் வந்தார்கள். தகப்பன், தாய், பதினொரு வயது மகள், எட்டு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு மகன்கள். தாயின் கையில், புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் நீல எழுத்துப் போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் பை இருந்தது. அந்தக் குடும்பத்தின் ஆவணம் முழுவதும் அதற்குள். நடக்கும்போதும் வாகனத்தில் ஏறும்போதும் அவர் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. தூங்கிய சின்ன மகனை என் மனைவியிடம் கொடுத்தார், பையைக் கொடுக்கவில்லை. எனக்கு என் பழுப்பு உறை நினைவுக்கு வந்தது.

வீடு தேடியதை நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. கடன் வரலாறு இல்லாதவர்கள் என்பதால் ஒரு கட்டட முகாமையாளர் பன்னிரண்டு மாத வாடகையையும் முற்பணமாகக் கேட்டார். கடைசியில் எங்கள் ஊரவர் ஒருவரின் வீட்டுப் பேஸ்மென்ட், மாதம் 1,150 டொலருக்குக் கிடைத்தது. பிள்ளைகள் ஒரு கிழமைக்குள் பள்ளிக்கூடம் போனார்கள். தாய்க்கு அரசாங்கத்தின் ஆங்கில வகுப்பில் இடம் இருந்தது, ஆனால் அதே இடத்தில் குழந்தைப் பராமரிப்புக்கு இடம் இல்லை. ஆகவே ஐந்து மாதம் காத்திருந்தார். அந்த ஐந்து மாதமும் வைத்தியரிடம் தாய்க்கு மொழிபெயர்த்தது பதினொரு வயது மகள்தான். நாங்கள் கண்டபோது நிறுத்தினோம். ஒரு பிள்ளை தன் தாயின் உடம்பைப் பற்றி அந்நியரிடம் சொல்லக் கூடாது.

எங்கள் பெரிய பிழை பணத்தில் நடந்தது. நாங்கள் பணத்தைக் குழுவின் கணக்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்குமாக ஓர் உறையில் போட்டுக் கொடுத்தோம். புதியவர்கள், வங்கி தெரியாது, ஏமாந்துவிடுவார்கள் என்று எங்களுக்கு நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். நாலாவது கிழமை நான் போனபோது, முதல் மூன்று உறைகளும் ஒட்டுப் பிரியாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. தாம் லெபனானில் விற்றுக் கொண்டுவந்த நகைப் பணத்தில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தகப்பன் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார், பேசியது அரபு. "ஹோம்ஸ் நகரத்தில் எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்தார்கள். சனிக்கிழமைகளில் நான்தான் அவர்களுக்கு உறை கொடுப்பேன்" என்பதே அவர் சொன்னது. பொறுப்பேற்பவர் பணத்தைத் தம் கையில் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்று வழிகாட்டி நூலிலேயே இருந்தது. படித்துவிட்டுத்தான் அப்படிச் செய்தோம். மறுநாளே அவருடைய பெயரில் கணக்குத் திறந்து, மாதப் பணம் முழுவதையும் அங்கே போட்டோம். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அவர் தொழிலால் தரைக்கு ஓடு பதிப்பவர். மூன்றாம் மாதமே வேலைக்குப் போக வேண்டும் என்றார். ஓராண்டு ஆங்கிலம் படித்துவிட்டுப் போகலாம், இல்லையென்றால் வாழ்நாள் முழுவதும் அரைச் சம்பளம்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நான் வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவப் போய், ஆங்கிலத்தைப் பத்து வருடம் பின்னுக்குத் தள்ளியவன். ஆசிரியை அவர் பக்கம் நின்றார். இறுதியில் பகலில் ஒரு தமிழரின் வீடு திருத்தும் குழுவில் வேலை, மாலையில் வகுப்பு என்று முடிவாயிற்று. ஆங்கிலத்துக்கு முன்னர் அவர் "சீமெந்து", "மட்டம்", "கொஞ்சம் பொறு" ஆகியவற்றைக் கற்றுக்கொண்டார். குடியேறியவர்கள் தங்கள் வட்டத்துக்குள்ளேயே அடைந்துவிடுகிறார்கள் என்று குறைகூறுவோர் உண்டு. எனக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனால் அந்த மனிதருக்குக் கனடாவின் முதல் கதவைத் திறந்தது எங்கள் வட்டம்தான்; மற்ற வட்டங்களில் கடன் வரலாறு கேட்டார்கள்.

பதின்மூன்றாம் மாதம் வந்தபோது அவருடைய சம்பளமும் பிள்ளைகளுக்கான அரசுக் கொடுப்பனவும் சேர்ந்து வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமட்டாகப் போதுமாக இருந்தன. தாய் அப்போதுதான் ஆங்கில வகுப்பின் இரண்டாம் நிலைக்கு ஏறியிருந்தார். அந்த மாதத்தில் சமூக உதவியை நாட வேண்டியிருந்த வேறு குடும்பங்களையும் அறிவேன். அவற்றில் பெரும்பாலானவை உழைக்கக்கூடியவர் நோயுற்ற குடும்பங்கள். அவர்களை எடுத்துக்காட்டி, தோல்வி என்று பட்டியல் போடுவதை என்னால் ஏற்க முடியாது. பன்னிரண்டு மாதம் என்பது நிர்வாகம் வைத்த கெடு. அந்தக் கெடுவுக்குள் ஒரு மனிதர் போரிலிருந்து குணமடைந்துவிட வேண்டும் என்று எந்த வைத்தியரும் சொன்னதில்லை.

2024இல் இன்னொரு குடும்பத்துக்காக மறுபடியும் ஐவர் குழு சேர்த்தோம். ஆசிரியைக்கு வயதாகிவிட்டதால் அவருடைய இடத்தில், குடியுரிமை பெற்றுவிட்ட அந்தத் தகப்பன் கையொப்பமிட முன்வந்தார். இம்முறை அதே மேசையில் குடியேற்றத் திட்டத்தை அவரே எழுதினார். அந்த இலையுதிர் காலத்தில் வீட்டு வாடகை, வைத்தியர் பற்றாக்குறை எல்லாவற்றுக்கும் புதியவர்களே காரணம் என்ற பேச்சு வலுத்து, அரசாங்கமும் 2025க்கான நிரந்தரக் குடியேற்ற இலக்கை 500,000இலிருந்து 395,000ஆகக் குறைத்தது. நவம்பர் 29 முதல் 2025 இறுதி வரை ஐவர் குழுக்களிடமிருந்து புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா என்ற அறிவிப்பு வந்தது. தேங்கிய விண்ணப்பங்கள் அளவுக்கு மீறிவிட்டன என்பது உண்மை. காத்திருப்பவர்களை முதலில் முடிக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணத்தையும் நேரத்தையும் தாமே தருகிறோம் என்று வரும் குடிமக்களுக்குக் கதவைச் சாத்துவது, அலுவலர்களின் எண்ணிக்கையைக் கூட்டாததற்குப் பரிகாரமாகாது என்றே நினைக்கிறேன். இதைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஐவரும் கையொப்பமிட்டு எழுதியிருக்கிறோம்.

அந்த இரண்டாவது விண்ணப்பக் கட்டு இன்னும் என் மேசை இலாச்சியில் இருக்கிறது. செலவுத் திட்டப் பகுதியில் நான் தட்டச்சிட்டிருந்த ஒரு வரியைத் தகப்பன் கோடிட்டு வெட்டி, அருகில் தன் கையால், இன்னும் சற்றுச் சாய்ந்த ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார்: மாதப் பணம் முழுவதும் முதலாம் திகதி அவர்களுடைய சொந்தக் கணக்கில் போடப்படும்.