லெவல் கூடுதலா? முதலில் டிரிப்பைப் பாருங்கள்

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் கிளினிக்கல் பார்மசிஸ்டாக இருக்கிறேன். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற லெவல் ரிப்போர்ட் வந்ததும் டாக்டர்கள் எண்ணைப் பார்ப்பார்கள். நான் வார்டுக்குப் போய் மருந்து எப்படி ஏறியது என்று கேட்பேன்.

போன மாதம் ஒருவருக்கு ட்ரஃப் 48 என்று வந்தது. அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுக்கும் லெவல் அது. அவ்வளவு ஏற வாய்ப்பே இல்லை. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நார்மல், சிறுநீரும் நன்றாகப் போகிறது. நாகர்கோவில்கார சிஸ்டரிடம் கேட்டேன். "கையில நரம்பு கிடைக்கல அக்கா, கழுத்து லைன்லயே எடுத்துட்டேன்." மருந்து ஏறிய அதே லைன்! பிறகு கையில் குத்தி எடுத்தால் 14.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. 100 மில்லி சலைனில் மருந்தைக் கலந்து விடுகிறோம். பாட்டில் காலியானதும் செட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டால், குழாயில் நிற்கும் 15, 20 மில்லியும் அதோடு போகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மருந்து! லெவல் குறைவாக வரும், டாக்டர் டோஸைக் கூட்டுவார். பின்னாலேயே கொஞ்சம் சலைன் விட்டுக் குழாயைக் கழுவினால் போதும்.

நேரம்தான் பெரிய தலைவலி. ஒரு கிராம் வான்கோமைசினைக் குறைந்தது 100 நிமிடம் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். பம்ப் இல்லாத வார்டில் ரோலரைத் திருகிச் சொட்டு எண்ணித்தான் விடுகிறோம். சிஸ்டர் நகர்ந்ததும் நோயாளி கையை மடக்குவார், சொட்டு நின்றுவிடும். 11 மணிக்கு முடிந்ததாக சார்ட் சொல்லும், உண்மையில் 12.30 ஆகியிருக்கும். சார்ட்டை நம்பி, மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே பீக்குக்கு, அதாவது டோஸ் முடிந்தபின் பார்க்கும் உச்ச லெவலுக்கு, ரத்தம் எடுத்தால் எண் எக்கச்சக்கமாக வரும். அதையும் ட்ரஃபையும் வைத்துக் கணக்குப் போட்டால், கிட்னி மருந்தை உண்மையைவிட வேகமாக வெளியேற்றுவதாகக் காட்டும்.

பச்சிளம் குழந்தைகளிடம் இன்னும் மோசம். மணிக்கு 2 மில்லி ஓடும் லைனில், குழந்தைக்கு முன் இன்னும் 1 மில்லி பிடிக்கும் குழாய் இருக்கும் இடத்தில் அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் செலுத்தினால், மருந்து உடம்பைத் தொடவே அரை மணி நேரமாகும். சார்ட்டிலோ கொடுத்தாயிற்று!

வார்டுக்குப் பம்ப் கேட்டால் ஐ.சி.யூ.வுக்கே போதவில்லை என்கிறார்கள். சரி, லேப் ஃபார்மில் 'டிரிப் முடிந்த நேரம்' என்று ஒரு கட்டமாவது போடச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பேனாவால் நானே கோடு போடுகிறேன். காலியாக வந்தால், எண்ணைப் பார்க்குமுன் வார்டுக்கு ஃபோன்தான்.