படவேட்டம்மா கையில குடுத்த மண்ணு

போன ஆடி ரெண்டாவது வெள்ளிக்கிழமை படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு அம்மா, பெரிம்மா, எங்க ஆயா, நான் நாலு பேரும் போனோம். வேலூர்ல விடியக்காலம் கெளம்பி கண்ணமங்கலம் தாண்டி சந்தவாசல்ல திரும்பினா போதும், ஜவ்வாது மலை கிட்ட வந்துடும், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வாழைத்தோப்பு. இப்ப அது திருவண்ணாமலை மாவட்டம், ஆனா ஆயாவுக்கு இன்னிக்கும் வடார்க்காடு தான்.

ஆடி வெள்ளின்னா கூட்டம் சொல்லவே வேணாம். வேப்பிலை சேலை கட்டினவங்க, கைக்குழந்தையோட வந்தவங்க எல்லாம் நிக்கறாங்க, ரெண்டு மணி நேரம் கியூல நகர்ந்து உள்ள போனா அம்மன் தலை மட்டும் தான், தரையில இருந்து எழும்பி வந்த மாதிரி மஞ்சள் குங்குமத்தோட பாக்கறா. எனக்கு தொண்டை அடைச்சிக்கிச்சு, வேண்டிக்கலாம்னு நெனச்சினு போனது ஒண்ணு கூட ஞாபகம் வரல.

கதை எல்லாருக்கும் தெரியும். ஜமதக்னி முனிவர் சம்சாரம் ரேணுகா தினமும் ஆத்தங்கரை மண்ணுலயே கொடம் பண்ணி தண்ணி மொண்டு வருவா, ஒரு நாள் தண்ணியில கந்தர்வன் நிழலைப் பாத்து மனசு ஒரு நிமிஷம் அசைஞ்சதும் கொடம் ஒடைஞ்சு போச்சு, அப்பா சொன்னாருன்னு பரசுராமரு பெத்தவ தலையையே வெட்டிட்டாரு. ரேணுன்னா சமஸ்கிருதத்துல மண்துகள்னு அர்த்தம். அவ பேரே மண்ணு, அவ மொண்ட கொடமும் மண்ணு, இதை யோசிச்சாலே எனக்கு சிலிர்க்குது. பெரிம்மா ஊரு குடியாத்தம், அங்க இதே கதைய வெச்சு வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசை ஊர்வலமா தூக்கினு வந்து உடம்புல பொருத்தறப்ப அவ்ளோ பெரிய கூட்டமும் ஒரே குரல்ல அலறும், நான் சின்ன வயசுலயே பாத்திருக்கேன்.

1790ல மெக்சிகோ சிட்டியில மண்ணுக்கு அடியில இருந்து கோவாட்லிக்யேன்னு ஒரு சிலை கெடைச்சுது, அஸ்டெக் ஜனங்களோட பூமித்தாய். அவளுக்கு தலை கெடையாது, தலை இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு பாம்பு ஒண்ணை ஒண்ணு பாத்துனு இருக்கும். இங்க தலை, அங்க உடம்பு. கியூல நிக்கறப்ப இதை ஆயாகிட்ட சொன்னேன், அவங்க சட்டுனு கன்னத்துல போட்டுக்கினாங்க. எகிப்துல மட்டும் பூமி கெப்னு ஒரு ஆம்பள சாமி, வானம் தான் பொம்பளன்னு சொன்னப்ப ஆயா ஒத்துக்கவே இல்ல, “பெத்துப் போடறவ பொம்பளயா தான்டா இருப்பா”ன்னு முடிச்சிட்டாங்க.

வெளிய வந்து கேவுரு கூழ் வாங்கினோம். ஆயா குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வாய் கீழ ஊத்தினாங்க, வீட்டுல கூழ் ஊத்தறப்பவும் மொதல் கரண்டி தரைக்கு தான். பெரு, பொலிவியா மலைப்பக்கம் பச்சமாமான்னு பூமித்தாயைக் கும்பிடறவங்களும் இதையே தான் செய்றாங்க, ஆகஸ்ட் 1ஆம் தேதி குழி தோண்டி சோறு, கோகா இலை எல்லாம் போட்டு சிச்சா ஊத்துவாங்க, அது மக்காச்சோளத்தைக் காய்ச்சி புளிக்க வெக்கறது, நம்ம கூழும் புளிக்க வெச்சது தானே. வெதைக்கறதுக்கு முன்னாடி அவளுக்குப் பசிக்கும், ஊட்டணும்னு அங்க நெனைக்கறாங்க. ஆகஸ்ட் 1 நமக்கு ஆடி மாசத்துல தான் வருது, நாமளும் ஆடிப்பட்டம் தேடி வெதைக்கறவங்க. யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல, கடல் தாண்டி ரெண்டு எடத்துலயும் ஒரே மாசத்துல அந்தத் தாய்க்கு ஊத்தறாங்க.

படவேட்டுல குடுக்கற விபூதியும் மண்ணு தான். ஜமதக்னி யாகம் பண்ண எடம்னு சொல்ற குண்டலிபுரத்துல ஆனித் திருமஞ்சனத்தன்னிக்கு தோண்டி எடுக்கறது. விரல்ல தேச்சுப் பாத்தேன், நைசா இருந்துச்சு, மோந்தா மழை பேஞ்ச தரை வாசனை.

வீட்டுக்கு வந்ததும் ஆயா அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சு பாதியை சாமி மாடத்துல வெச்சாங்க. மீதியை மறுநாள் கொல்லிக்கு எடுத்துனு போய், வெதைக்க வெச்சிருந்த மல்லாட்டையில தூவி கையால பெரட்டி, சனி மூலையில குனிஞ்சு மொதல் கொட்டையை அவங்களே ஊனினாங்க. கையைத் தட்டக் கூட இல்ல, ஒட்டினு இருந்த மண்ணை அப்படியே நெத்தியில இட்டுக்கினு, “அடுத்த வருசம் மண்ணு எடுக்கற அன்னிக்கே என்னைக் கூட்டினு போடா”ன்னாங்க.