கவர்ஸ்லிப்புக்கு அடியில் இருபது நிமிடம்

ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத கடல் தட்டைப்புழு ஒன்றைப் புதிய இனம் என்று விவரித்துப் பெயர் வைத்து முடிக்க எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. முதல் புழுவை மணலிலிருந்து எடுத்ததோ ஒரே காலையில். நடுவில் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை, இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மணலிலிருந்து பிரிப்பது பெரிய விஷயமில்லை. மெக்னீசியம் குளோரைடு கரைசலையும் கடல்நீரையும் பாதிக்குப் பாதி கலந்து மணலில் ஊற்றினால், மணற்பரலைப் பற்றிக்கொண்டிருக்கும் உயிர்கள் மயங்கிப் பிடியை விடும். பத்து நிமிடம் கழித்து ஒரு சுழற்று சுழற்றி, மேல்நீரை 63 மைக்ரான் சல்லடையில் வடித்து, உடனே நல்ல கடல்நீரில் கழுவிவிட வேண்டும். பெட்ரி தட்டில் பார்த்தால் உருளைப்புழுக்கள் சாட்டை மாதிரி துடிக்கும். இறாலின் நுண்ணிய உறவினர்களான கோப்பிபாடுகள் வெடுக்கென்று தாவும். தட்டைப்புழு மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். அந்த நகர்வைப் பழகிவிட்டால் கண் தானாகவே அதைத் தேடிப் பிடித்துவிடும். பிப்பெட்டில் உறிஞ்சியதும் தாமதிக்காமல் வெளியே விட்டுவிடுங்கள். வால்பக்கப் பசைச் சுரப்பிகளால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் எளிதில் வராது.

பேரினத்தைக் கண்டுபிடிக்கவும் அதிக நேரம் ஆகவில்லை. மேக்ரோஸ்டோமம். 2005இல் விவரிக்கப்பட்டு, உறுப்பு மீண்டும் வளர்வதை ஆராய்வதற்காக ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மேக்ரோஸ்டோமம் லிக்னானோவும் இதே பேரினம்தான். கஷ்டம் அதற்குப் பிறகு தொடங்கியது.

நான் செய்த பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் கிடைத்த புழுக்களில் பெரும்பாலானவற்றை, பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்று ஆல்கஹாலில் போட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தபோது எல்லாம் சுருங்கி வெள்ளை உருண்டைகளாகக் கிடந்தன. டி.என்.ஏ. எடுக்க அவை உதவும். ஆனால் உடலமைப்பு என்று பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. நண்டையும் சிப்பியையும் பாட்டிலில் போட்டு வைத்து வருடங்கள் கழித்தும் ஆராயலாம். இந்தப் புழுவை உயிரோடு இருக்கும்போதே பார்த்தாக வேண்டும். இதை யாராவது எனக்கு முன்பே அழுத்திச் சொல்லியிருந்தால் பல மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

உயிரோடு பார்ப்பது என்றால் இப்படி. ஒரு சொட்டு நீரில் புழுவை ஸ்லைடில் வைத்து, மேலே கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் தகட்டை மூட வேண்டும். பிறகு டிஷ்யூ காகிதத்தின் முனையால் ஓரத்திலிருந்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். நீர் குறையக் குறைய கண்ணாடி இறங்கிப் புழுவை மெல்ல அழுத்தும். முதலில் ஓட்டம் நிற்கும். அப்புறம் உடல் கண்ணாடிபோலத் தெளிந்து ஒவ்வொரு உறுப்பாகத் தெரிய வரும். குடலின் இரு பக்கமும் விரைகள், அவற்றுக்குப் பின்னால் சூலகங்கள், வால்பகுதியில் ஸ்டைலெட் எனப்படும், ஆணுறுப்பின் கெட்டியான குழாய். ஆம், ஒரே உடலில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் உண்டு. ஒரு நொடி அதிகமாக உறிஞ்சிவிட்டால் புழு வெடித்துவிடும். குறைவாக உறிஞ்சினால் ஸ்டைலெட் சாய்ந்தே கிடக்கும், அளவு தப்பாக வரும். எனக்கு ஒரு புழுவுடன் சராசரியாக இருபது நிமிடம் கிடைத்தது. படமும் வீடியோவும் அதற்குள் எடுத்தாக வேண்டும்.

 பேரினத்துக்குள் இனத்தைப் பிரித்துச் சொல்ல ஸ்டைலெட்டைவிடச் சிறந்த அடையாளம் இல்லை. என் புழுவில் அது ஊசி மாதிரி கூராக, நுனிக்குச் சற்று முன்னால் சட்டென்று வளைந்திருந்தது. இந்தப் பேரினத்தில் ஊசி ஸ்டைலெட் உள்ள இனங்கள் துணையின் தோலைக் குத்தி விந்தை உடலுக்குள் செலுத்துபவை. அவற்றின் விந்தணுக்கள் எளிய அமைப்புடையவை. நுனி மழுங்கிய ஸ்டைலெட் உள்ள இனங்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே நேரத்தில் விந்தைப் பரிமாறிக்கொள்ளும். அவற்றின் விந்தணுக்களில் இரு பக்கமும் விறைப்பான முள்கள் இருக்கும். அதனால் வால்பகுதியை அழுத்தி உடைத்து விந்தணுவைப் பார்த்தேன். முள் இல்லை. இன்னொரு புழுவின் உடல் திசுவுக்குள் விந்தணுக்கள் நெளிவதையும் கண்டேன். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

சரி, புதிய இனம்தானா? இதற்குத்தான் ஒரு வருடம் போனது. பழைய விவரிப்புகள் பல ஜெர்மனில் இருக்கின்றன. படங்கள் கையால் வரைந்தவை. அவற்றில் ஒரு படம் என் புழுவை அப்படியே வரைந்ததுபோல இருந்தது. ஊசி ஸ்டைலெட் இந்தப் பேரினத்தில் பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருப்பதால், உருவ ஒற்றுமையை வைத்து மட்டும் உறவு சொல்ல முடியாது. அந்த இனத்தின் பழைய ஸ்லைடு ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது. படம் எடுத்து அனுப்பக் கேட்டேன். சதையெல்லாம் மங்கிப்போயிருந்தாலும் ஸ்டைலெட் தெளிவாகத் தெரிந்தது. அது என்னுடையதைவிட நீளம், நுனி வரை ஒரே சீரான வளைவு. எனக்கு மூச்சு வந்தது.

டி.என்.ஏ.விலும் சிக்கல் இருந்தது. விலங்குகளுக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் சி.ஓ.ஐ. மரபணுவின் பிரைமர்கள், அதாவது அந்த மரபணுவை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள், தட்டைப்புழுக்களில் பெரும்பாலும் கைவிட்டுவிடும். எனக்கும் அப்படித்தான். 28எஸ் என்ற இன்னொரு மரபணு வேலை செய்தது. ஒரே புழுவிலிருந்து ஸ்லைடும் வேண்டும், டி.என்.ஏ.வும் வேண்டும் என்றால் முடியாது. எனவே சில புழுக்களைப் படம் எடுத்த பிறகு, ஓரத்தில் நீர் விட்டுக் கவர்ஸ்லிப்பை மிதக்கவைத்து மீட்டேன். கொஞ்ச நேரத்தில் அவை மறுபடி நகர்ந்தன. அவற்றை மட்டும் ஆல்கஹாலுக்கு அனுப்பினேன். இந்த முறை ஒவ்வொன்றின் ஸ்டைலெட்டும் படமாகக் கையில் இருந்தது.

ஹோலோடைப்பாக, அதாவது இனத்தின் பெயருக்கு ஆதாரமான மாதிரியாக, ஒரே ஒரு புழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் என்றென்றைக்கும் அதோடு கட்டப்பட்டிருக்கும். மிக அழகான புழுவைத் தேடாதீர்கள், ஸ்டைலெட் பக்கவாட்டில் தட்டையாகக் கிடப்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் லாக்டோஃபீனாலில் பதித்து ஓரத்தை இரண்டு முறை அடைத்தேன்.

பெயரில் ஒரு பிழை விட்டிருந்தேன். ஸ்டைலெட்டின் வளைவைக் குறிக்கும் இலத்தீன் பெயரடையை 'அஸ்' என்று முடித்திருந்தேன். மேக்ரோஸ்டோமம் இலத்தீன் இலக்கணப்படி அஃறிணைப் பால், எனவே 'அம்' என்றுதான் முடிய வேண்டும். மதிப்பாய்வாளர் ஒருவர் பொறுமையாகத் திருத்திக் கொடுத்தார். கட்டுரை இணையத்தில் மட்டும் வெளியாவதால், 2012இல் திருத்தப்பட்ட பெயரிடல் நெறிமுறைப்படி அதை முன்கூட்டியே விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிந்து, அந்தப் பதிவு எண்ணைக் கட்டுரைக்குள்ளேயே கொடுக்க வேண்டியிருந்தது. ஹோலோடைப் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்லைடு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்து பதிவு எண் வரும்வரை கட்டுரையில் அந்த இடம் காலியாகவே இருந்தது. கடைசி மெய்ப்பு கையில் இருந்த வாரத்தில் எண் வந்தது. அதை நிரப்பி அனுப்பினேன்.