சலாசார் பற்றி விடை எழுதப் போகிறவர்களுக்கு

யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வுக்கு வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதத் தயாரானபோது, உலக வரலாற்றில் நான் தடுமாறிய இடம் போர்ச்சுகல். ஒரு மாதிரித் தேர்வில், அந்நாட்டை 1932 முதல் 1968 வரை ஆண்ட சர்வாதிகாரி சலாசாரை 'முசோலினியைப் போன்ற பாசிசவாதி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். விடைத்தாளைத் திருத்தியவர் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "அப்படியானால் 1945-க்குப் பிறகும் எப்படி நீடித்தார்?" அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் மறுபடி படித்தேன்.

சலாசார் படைத்தளபதி இல்லை, கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். 1926-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, கஜானா காலி. 1928-இல் நிதியமைச்சராக வந்தவர், எல்லாத் துறைகளின் செலவும் தன் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1932-இல் பிரதமர், 1933-இல் புதிய அரசியலமைப்பு. இரண்டாம் உலகப் போரில் நடுநிலை என்று சொல்லி ஆயுத உற்பத்திக்குத் தேவையான டங்ஸ்டன் உலோகத்தை இரு தரப்புக்கும் விற்றார். 1943-இல் அசோர்ஸ் தீவுகளில் நேச நாடுகளுக்குத் தளம் கொடுத்தார். 1949-இல் நேட்டோ ராணுவக் கூட்டணி தொடங்கியபோதே போர்ச்சுகல் அதில் உறுப்பினர். ஓரத்துக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ரகசியப் போலீஸையும் கேப் வெர்டேயின் தராஃபால் சிறை முகாமையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து கோவா. நம் மாணவர்கள் ஆழமாக எழுத வேண்டிய பகுதி இது. 1951-இல் காலனிகளை 'கடல்கடந்த மாகாணங்கள்' என்று சட்டத்திலேயே பெயர் மாற்றினார்கள். எல்லாம் போர்ச்சுகலே என்றான பிறகு நேருவுடன் பேச என்ன இருக்கிறது? 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்தபோது, கடைசிவரை போரிட வேண்டும் என்பது லிஸ்பனின் உத்தரவு. ஆளுநர் வசாலு இ சில்வா வீண் உயிர்ப்பலி வேண்டாம் என்று சரணடைந்தார். ஊர் திரும்பியவரை ராணுவத்திலிருந்தே நீக்கினார்கள். சலாசாரைப் பற்றி எவ்வளவோ படித்தும், அவர் எப்படிப்பட்டவர் என்பது எனக்கு விளங்கியது இந்த ஒரு சம்பவத்தில்தான்.

அதே 1961-இல் அங்கோலாவில் போர் மூண்டது, பிறகு போர்ச்சுகீசிய கினி, மொசாம்பிக். பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் போர்களில் சலித்துப்போன இளம் அதிகாரிகளே 1974 ஏப்ரல் 25-இல் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். கவிழ்ந்தது, சலாசாருக்குப் பின் பிரதமரான கயத்தானோ. சலாசார் 1968-இலேயே நோயில் விழுந்து பதவி இழந்து, 1970-இல் இறந்துவிட்டார். பலர் தவறவிடும் இடம் இது.

அவர் விட்டுச்சென்றதை மதிப்பிடச் சொன்னால், 2007-இல் ஒரு தொலைக்காட்சி வாக்கெடுப்பில் 41 சதவீதம் பெற்று 'மாபெரும் போர்ச்சுகீசியர்' ஆனதை முன்னுரையில் வையுங்கள். உடனே அடுத்த வரியில், 1970-இல் நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதையும் எழுதுங்கள். கஜானாவில் பொன் குவிந்திருந்த நாடு அது. 'நன்மையும் தீமையும் கலந்தவர்' என்று நழுவாமல், உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

கோவா மீதான இந்திய இறையாண்மையை போர்ச்சுகல் ஏற்று ஒப்பந்தம் செய்தது 1974 டிசம்பர் 31-இல். விடையில் அந்தத் தேதியை 1961 என்று மாற்றி எழுதிவிடாதீர்கள்.